நடுப்படி

ஆங்கிலேயர் எருசலேமுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், எங்கள் ஆர்மீனியக் குடியிருப்பைச் சேர்ந்த நிஷான் கோயில் படியில் வேர்விட்டான். ரொட்டி விலை ஏறியதும் அதே வாரம்தான். ஊர் அதைத்தான் அதிகம் பேசியது.

ஏழு விளக்குக் கோயிலின் தெற்கு வாசலில் மூன்று படிகள். மேல்படி கிரேக்கருக்கு, கீழ்ப்படி எங்களுக்கு. நடுப்படி யாருக்கு என்பது எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்தைய வழக்கு. எங்கள் ஊரில் பத்திரம், பட்டயம் எல்லாம் பிறகு. எவன் துடைப்பம் கல்லைத் தொடுகிறதோ அவனுக்குத்தான் கல் சொந்தம். அதனால் நடுப்படியை யாரும் பெருக்குவதில்லை, அடுத்தவனைப் பெருக்க விடுவதுமில்லை. கோயில் பெருக்கும் நிஷானுக்கு இது தெரியாததா? ஆனாலும் கையிலிருந்த எள் ரொட்டி அங்கே உதிர்ந்ததும், புறா மொய்க்குமே என்று பழக்கதோஷத்தில் துடைப்பத்தை ஒரு வீச்சு வீசிவிட்டான். மேலே நின்ற கிரேக்கச் சாமியார், “ஐயையோ, பெருக்கிட்டான்! பெருக்கிட்டான்!” என்று ஊரைக் கூட்டினார். எங்கள் ஆயர் அங்கி காலைத் தடுக்க ஓடிவந்தார். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பாழாய்ப்போன வீம்பு விட்டதா? “டேய் நிஷான், நகர்ந்தே, தொலைச்சுப்புடுவேன்! நீ நிக்கிற வரைக்கும் படி நம்மளது” என்றார். “பசிக்குது சாமி” என்றான் நிஷான். “நின்னுக்கிட்டே தின்னு.” சாயங்காலம் மணியடித்து, சரி போ என்றபோது அவனால் போக முடியவில்லை. இரண்டு பாதங்களும் கணுக்கால்வரை கல்லுக்குள் இறங்கியிருந்தன. ரத்தமில்லை, வலியுமில்லை.

அவன் மனைவி சிர்வார்த் பருப்புக் கஞ்சியோடு வந்தாள். கல்யாணமாகி ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. “வீட்டுக்கு வாங்க” என்றாள். “வர முடிஞ்சா வரமாட்டேனாடி?” என்றான். அவனை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்புறம் வேறு எண்ணமே இருந்ததில்லை. மதிலுக்குள் இருக்கும் நான்கு குடியிருப்புகளிலும் அவள் தட்டாத கதவில்லை. முஸ்லிம் குடியிருப்பில் கொத்தனார் அபு ரஷாத் வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். “கடப்பாரையால ஒரு நெம்பு நெம்பினா வந்துரும் தங்கச்சி. ஆனா ரெண்டு சாமியும் சரின்னு சொல்லாம தொட்டேன்னு வை, நாளைக்கு உன் புருஷனுக்குத் துணையா நானும் நிப்பேன்” என்றார். யூதர் குடியிருப்பிலிருந்து வைத்தியர் மொர்தெகாய் வந்து நாடி பிடித்தார். “நாடி குதிரை மாதிரி ஓடுதும்மா. நோய் அவர் உடம்புல இல்ல, வழக்குல இருக்கு. அதுக்கு எங்கிட்ட மருந்தில்ல.” கிரேக்க ஆயர் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, கல்லைப் பெயர்க்க அனுமதி தருகிறேன் என்று கண்கலங்கிச் சொன்னார். எங்கள் ஆயர் பொங்கிவிட்டார்: “அனுமதி குடுக்க அவன் யாரு? நான் குடுக்கிறேன் அனுமதி!” அதைக் கேட்டுக் கிரேக்க ஆயர் பொங்கினார். இருவருக்கும் மனம் இரங்கத்தான் செய்தது, அதுதான் கொடுமை.

கல் முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்து, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று உத்தரவிட்டுப் போனார். பூமி அதிர்ந்து நகரத்தில் பாதி வீடுகள் விரிசல் விட்டபோது சிர்வார்த் வெறுங்காலோடு ஓடினாள், படி பிளந்திருக்கும் என்ற ஆசையில். அது அசையவே இல்லை. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, எப்படிப் பிறக்கும்? பிறகு ஆங்கிலேயர் போனார்கள், குண்டு விழுந்தது, மொர்தெகாயும் அவர் தெருக்காரர்களும் மூட்டையோடு மதில் வாசலைத் தாண்டிப் போனார்கள், மதிலுக்கு வெளியே முள்வேலி வந்தது. அந்த வருடம் கல் நிஷானின் கழுத்தைத் தொட்டது. “சிர்வார்த், தோள்ல ஒரே தூசிடி” என்றான். அவள் முக்காட்டை எடுத்துத் துடைக்கப் போனாள். இரண்டு பக்கமிருந்தும் சாமியார்கள் பாய்ந்து வந்தார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசி ஊர் கேட்டது அன்றுதான். துடைத்தால் பெருக்கியதாகத்தானே கணக்கு!

“அவர் என் புருஷன்யா!” என்று கத்தினாள்.

“கழுத்துக்கு மேல உன் புருஷன்மா. கீழே கல்லு.”

அடுத்த நோன்புக்குள் கழுத்துக்கு மேலும் கல்லாகிவிட்டது. சிர்வார்த் அழுது பார்த்தாள், ஆயரின் காலில் விழுந்து பார்த்தாள். கடைசியில் பொதுத்தெருக் கல்லில் நின்றுகொண்டு வாயால் ஊத ஆரம்பித்தாள். ஊதுவது பெருக்குவதில் சேருமா என்று இரு தரப்பும் கூடிப் பேசினார்கள். முடிவு வரவில்லை, வரும்வரை ஊதட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் விடிந்ததும் வந்து ஊதுகிறாள். வயதாகி மூச்சிரைப்பு வந்துவிட்டதால் அவள் ஊதுவது தோள்வரைதான் எட்டுகிறது. தோள் சுத்தமாக இருக்கிறது. முகத்தில்தான் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை.