அசன நோட்டீஸுக்குள் ஒரு பச்சை இலை

மூன்று முறை மருந்தடித்தும் புள்ளி நிற்கவில்லை. பூதப்பாண்டியை அடுத்த நெல் ஆராய்ச்சி வயலில் ஜெனிலா வளர்த்த நானூறு செடிகளில் தொண்ணூற்றெட்டில் மட்டும் இலையெங்கும் துருப்போலப் புள்ளி. கதிரிலும் பாதி பதர். ஒட்டி நின்ற செடிகளோ பளிச்சென்று பச்சை. நோய் என்றால் பக்கத்துச் செடிக்குத் தொற்ற வேண்டாமா? ஆய்வகத்தில் சோதித்தாள், இலையில் எந்தக் கிருமியும் இல்லை.

வயல் மேலாளர் பொன்னுலிங்கம் காத்திருக்கத் தயாராயில்லை. "மத்த வயலுக்குப் பரவினா நான்தான் பதில் சொல்லணும் மேடம். திங்கக்கிழமை எல்லாத்தையும் பிடுங்கிருவோம்."

பிடுங்கினால் மூன்று வருடக் கலப்பின வேலை மண்ணோடு போகும்.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை வயலைச் சுற்றியவளுக்குக் கோபம்தான் வந்தது. வயலில் வேலை செய்யும் ஞானசெல்வி, சர்ச் பாட்டுக்குழுவில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, செடிகளின் எண்சீட்டை இலையில் மாட்டியிருந்தாள்.

"ஏட்டி, சீட்டைத் தண்டுலதானே கெட்டணும்? இலையைச் சுத்திப் பின் அடிச்சு வச்சிருக்கே!"

"கயிறும் தீந்து, சீட்டும் தீந்து போச்சு. சர்ச்சுல அசன விருந்துக்கு அடிச்ச பழைய நோட்டீஸை வெட்டி மாட்டினேன். கெட்டி அட்டை, மழையில கூட கிழியல்ல பாத்தியா?"

"நெல்லுச் செடியை விருந்துக்குக் கூப்பிட்டியாக்கும்!"

ஜெனிலா ஒரு சீட்டைப் பிய்த்தாள். மேலேயும் கீழேயும் புள்ளி. அட்டை மூடியிருந்த இரண்டு விரல் அகலம் மட்டும் வெளிர்பச்சையாகச் சுத்தமாக இருந்தது. இன்னும் பத்தைப் பிய்த்தாள். எல்லாம் அப்படியே.

"மக்கா, வெயில் பட்ட இடத்துலதான் புள்ளி! அதே வெயில்ல பக்கத்துச் செடி பச்சையா நிக்கி. அப்ப இது நோயில்ல, செடியோட பிறவிக்குணம்."

திங்கட்கிழமை பொன்னுலிங்கம் தானே ஐந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தார். ஜெனிலா விளக்கினாள்: மிஞ்சிய வெயிலைத் தாங்க உதவும் மரபணு ஒன்று பழுது. தாய், தந்தை இருவழியிலும் பழுது வந்தால்தான் புள்ளி தெரியும். அது நாலில் ஒரு செடி. நானூற்றில் நூறு, வயலில் தொண்ணூற்றெட்டு. இலை சாகும்போது நெல்மணிக்குப் போக வேண்டிய சர்க்கரை குறைகிறது, அதனால்தான் பதர்.

"சரி, பிடுங்கல்ல," என்றார் அவர். "ஆனா பச்சையா நிக்கதுலயும் ஒரு வழிப் பழுது ஒளிஞ்சிருக்குமே?"

"இருக்கும். மூணுல ரெண்டுல இருக்கும்."

ஞானசெல்வி சிரித்தாள். "அப்ப இன்னும் நோட்டீஸ் வேணும்."

வேண்டியதுதான். புள்ளிச் செடிகளை விதைக்கு எடுப்பதில்லை. பச்சைச் செடி ஒவ்வொன்றின் நெல்லையும் தனித்தனியே அறுத்து, செடிக்கு முப்பது நாற்று வீதம் நல்ல வெயிலில் எண்சீட்டு மாட்டித் தனி வரிசையாக நட வேண்டும். ஒரு நாற்றில் புள்ளி கண்டாலும் அந்த வரிசை முழுதும் கழிவு. முப்பதும் பச்சையாக நின்றால், அதுவே சுத்தமான விதை.