தெற்குக் கிளையில் கறுப்புத் தண்ணீர்

ஏழு வருஷமாக மெரில் டிரெக்கின்ஸ் அந்த நாணல்காடு சாவதை எண்ணிக்கொண்டிருந்தாள். சதுப்பின் தெற்குக் கிளையில் இருபத்து மூன்று இரும்பு முளைகள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு முளையைச் சுற்றியும் நாலடி தூரத்துக்கு என்ன செடி நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று எழுதி நீர்வளத்துறைக்கு அனுப்புவது அவள் வேலை. முதல் வருஷம் ஆள் உயர நாணல். அடுத்து முழங்கால் உயரம். அப்புறம் வெறும் தட்டை. கடைசியில் வெடித்த களிமண்ணும் முள்செடியும். படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் "மழை இல்லை" என்றே எழுதினாள். மழையும் இல்லைதான்.

ஆனால் இந்த ஜனவரியில், அந்தத் தென்கோள நாட்டின் நடுக்கோடையில், ஆற்றில் தண்ணீர் வந்தது. வடக்கே எங்கோ பெய்த மழை. வடக்குக் கிளை நிறைந்து, அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. நாலு கிலோமீட்டர் தள்ளி தெற்குக் கிளையில் ஒரு சொட்டு இல்லை. மெரில் தொப்பியை அழுத்திக்கொண்டு, வறண்ட வாய்க்காலைப் பிடித்து ஆற்றை நோக்கி நடந்தாள். நாற்பத்து நாலு டிகிரி வெயில். தம்பி கிளைவின் வேலிக்குள் ஒரு மண்கரை குறுக்கே கிடந்தது. இடுப்பு உயரம், முந்நூறு தப்படி நீளம். அந்தப் பக்கம் தண்ணீர் கரையை நக்கிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் புழுதி. கரைமேல் வளர்ந்திருந்த உப்புச்செடியின் தண்டு அவள் கட்டைவிரலைவிடப் பருமன். அதற்கு ஏழு வயது இருக்கும் என்று சொல்ல அவளுக்கு யாரும் தேவையில்லை.

கிளைவ் மாட்டுக்கொட்டிலில் இருந்தான்.

"அது கரை இல்ல மெர். வண்டிப்பாதை."

"அடியில ஒரு குழாய்கூட இல்லாத வண்டிப்பாதையா?"

"என் மாட்டுக்குப் புல்லு வேண்டாமா? மழை பேஞ்சா நான் ஏன் மண்ணை அள்ளப் போறேன்? வெயில்தான் கொன்னுச்சு உன் நாணலை."

"பாதி வெயில் கொன்னுச்சு. மீதியை நீ கொன்ன. நான் உக்காந்து வெயில் பேர்ல எழுதிக்கிட்டிருந்தேன், முட்டாள் மாதிரி."

"சரி, புகார் குடு. வந்து பாத்து, கடுதாசி போட்டு, ரெண்டு வருஷம் ஆகும்."

அது உண்மை. ஆற்றில் இந்தத் தண்ணீர் ஒன்பது நாள்தான் நிற்கும். மண்ணுக்கடியில் நாணல்கிழங்கு எங்காவது உயிரோடு இருந்தால் இதுதான் அதற்குக் கடைசி வாய்ப்பு. மெரில் திரும்பி நடந்து, தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிளைவ் கரைமேல் நின்றிருந்தான். மறிப்பான் என்று எதிர்பார்த்தாள். மறிக்கவில்லை.

"வெட்டிக்கோ. ஆனா இப்ப வேண்டாம். ஆகஸ்ட் குளிர்ல வெட்டு, நானே கூட வரேன். தைலமரத்துக்கு அடியில ஏழு வருஷச் சருகு கிடக்கு. இந்த வெயில்ல தண்ணி பட்டா அழுகி, தண்ணியில மீன் மூச்சுவிடக் காத்தே இல்லாம பண்ணிடும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அவனைவிட நன்றாகவே தெரியும். ஆனால் ஏழு வருஷம் ஏமாற்றியவன் வாயிலிருந்து வந்ததால் அதுவும் ஒரு தந்திரமாகவே பட்டது. "தள்ளி நில்லு" என்றாள். டிராக்டரின் முன்தகடு மூன்றாம் தள்ளலில் கரையை உடைத்தது.

மூன்று நாள் அவள் வீட்டுக்குப் போகவே இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் விரிசல்களுக்குள் இறங்கிக் குமிழியிட்டது. எறும்புகள் பந்து பந்தாக மிதந்தன. எங்கே புதைந்து கிடந்தனவோ, தவளைகள் கத்தின. பட்டுப்போனதாக நினைத்த தைலமரங்களுக்கு நடுவே கணுக்கால் தண்ணீரில் நின்று மெரில் தனியாகச் சிரித்தாள்.

நாலாம் நாள் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஐந்தாம் நாள் கறுப்பு. தொட்டால் வெதுவெதுப்பு, அழுகல் நாற்றம். தெற்குக் கிளையின் வால் டோரீனின் மடுவில் போய்ச் சேரும். அதற்கப்புறம் நடந்ததைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

டோரீன் அந்த ஆற்றின் பூர்வகுடி. மெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவள். எந்த வறட்சியிலும் வற்றாத அந்த மடுவில் காட் என்கிற பெரிய ஆற்றுமீன்கள் இருந்தன. அவள் தகப்பனார் பார்த்த மீன்கள், பிடிக்காமல் விட்ட மீன்கள். ஆறாம் நாள் விடியலில் போனில் கூப்பிட்டாள்.

"வா. வாளி எடுத்துட்டு வா."

மடுக்கரை முழுக்க நன்னீர் இறால்கள் ஏறி நின்றன. தண்ணீரில் மூச்சுவிட முடியாமல் வேர்களிலும் கட்டைகளிலும் தொற்றிக்கொண்டிருந்தன. காட் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இருவரும் இடுப்பளவு இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூன்றைத் தொட்டிவண்டியில் ஏற்றினார்கள். மூன்றும் நல்ல தண்ணீர் போய்ச் சேருமுன் செத்தன. மதியத்துக்குள் மடுவில் வெள்ளை வயிறுகள்தான் மிதந்தன. ஒன்று டோரீனின் மார்புயரம்.

"கிளைவ் வேலையா?"

"கரை போட்டது அவன். வெட்டினது நான்."

டோரீன் நிமிர்ந்தாள். "இந்த வெயில்லயா?"

"ஆமா."

"ஏண்டி, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? தண்ணி எங்க வந்து சேரும்னு உனக்குத் தெரியும்ல?"

அன்றைக்கு டிராக்டரில் ஏறியபோது மெரில் கரையை நினைத்தாள், நாணலை நினைத்தாள், தம்பியை நினைத்துக் கொதித்தாள். மடு ஞாபகத்துக்கு வரவேயில்லை. வாளியைக் கீழே வைத்தாள். "போ, மெரில். புதைக்கிறதை நாங்க பாத்துக்கறோம்," என்றாள் டோரீன்.

மெரில் துறைக்கு எல்லாவற்றையும் எழுதினாள், தன் பங்கையும் சேர்த்து. அவளுடைய வேலை போயிற்று. கிளைவின் கரையைக் குளிர்காலத்தில் எந்திரம் வந்து தரைமட்டமாக்கியது. ஆகஸ்டில் வந்த தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடியது. சில்லென்று, தெளிவாக. யாரும் கேட்காமலே மெரில் முளை முளையாக நடந்து பார்த்தாள். இரண்டு முளைகளில் நாணல் குருத்து, விரல் நீளம். மீதி எல்லாவற்றிலும் பொடுதலை போலத் தரையோடு படரும் ஒரு களை முந்திக்கொண்டு பாய்விரித்திருந்தது. ஓரத்துத் தைலமரங்களில் பாதி துளிர்த்தன. பாதி துளிர்க்கவில்லை.

அதைச் சொல்லத்தான் மடுவுக்குப் போனாள். டோரீன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கரையில் கெண்டைகள் துடித்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து ஆற்றைக் கெடுக்கும் மீன்; கறுப்புத் தண்ணீரிலும் சாகாதது அது ஒன்றுதான்.

"ரெண்டு முளையில வந்திருக்கு," என்றாள் மெரில்.

"ம்," என்றாள் டோரீன். இன்னொரு கெண்டையைக் கழற்றிப் பின்னால் எறிந்தாள். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மெரில் வண்டியை நோக்கி நடந்தாள்.