மண் இறங்கிய சத்தம்

அப்பாவைப் புதைத்த மண்சரிவைப் பற்றி விசாரிக்க ஒரு வெள்ளைக்கார அம்மணி எங்கள் றக்வானைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதால் நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"மண் இறங்கும் முன் கேட்டது ரம்பிளா, ரோரா?" என்று கேட்டார் அம்மணி.

ரம்பிள் தூரத்து இடி மாதிரி, ரோர் உறுமுகிற மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

"ரெண்டுமில்ல புள்ள. பெக்டரி மெசின் ஓடுற மாதிரி கேட்டிச்சு."

"அப்படியானால் ஹம்மா?" என்றார் அம்மணி; ஹம் என்றால் ரீங்காரம். சரியான சொல் கிடைக்காமல் விடமாட்டார் போலிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலை பெக்டரி அப்போது மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. அம்மா என்னைப் பார்த்தே பேசினாள்.

"சத்தத்தக் கேட்டதும் ஒங்கப்பா சிரிச்சாரு. 'பெக்டரியத் தொறந்துட்டாங்க, இனி வேல இருக்கு'ன்னாரு. சட்டைய மாட்டிக்கிட்டு மேல ஓடுனாரு. நானுந்தான் போங்கன்னேன்."

அம்மணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தோசமான சத்தமா இருந்திச்சு புள்ள. அப்புடியே சொல்லு."

"ரம்பிள்" என்றேன்.

அம்மணி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"சொல்லிட்டியா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேம்மா."