ஏத்து, இறக்கு, போதும்

அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அற்புதத்துக்கு ஒரே பயம்தான். இது என்றைக்காவது இந்த மனுஷன் மேல் விழுந்து தொலைக்கும். ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டார்கள், கல்யாணம் கேட்டார்கள். இவள் மாதாவிடம் கேட்டது கார் விழாமல் இருக்க வேண்டும் என்பதை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் கார் நிற்கவில்லை, சிரிக்கலாம்.

கார் என்று சொல்வதே அதிகப்படி. கான்டெசா. நீள மூக்கும் அகன்ற தோளுமாக, ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வந்து இறங்கிய வண்டி. கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றில் வருஷக்கணக்காகக் கிடந்ததில் உப்புக்காற்று அதைத் தின்று தீர்த்திருந்தது. பின்சீட்டில் ஆடு குட்டி போட்டிருந்தது. டிராக்டரில் ஏற்றிக் கோட்டுச்சேரிக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, கதவுக்குக் கீழே ஓடும் தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

அவள் கணவர் அடைக்கலராஜ் அதைப் பார்த்துக் கவலைப்படவில்லை. போனை எடுத்துக் காட்டினார்.

"ஆன்டோ அனுப்பியிருக்கான் பாரு. இந்தியாவோட மசில் கார்னு போட்டிருக்கு."

"மசிலும் இல்ல, தோலும் இல்ல. எலும்பே அரைகொறையாத்தான் இருக்கு. அப்பனுக்கும் புள்ளைக்கும் நல்ல பொருத்தம்."

அடைக்கலராஜ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவள் பிரான்சுக்குப் போனதில்லை. அவர் அங்கே இருந்த காலமெல்லாம் மாமியாரையும் ஆன்டோவையும் கவனித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்தவர் தமிழைச் சுத்தமாகத்தான் பேசினார். பதறினால் மட்டும் வாயில் பிரெஞ்சு வந்துவிடும். பால் பொங்கினால் அடுப்பைப் பார்த்து 'அரேத், அரேத்' என்று கத்துவார். நில் என்று அர்த்தமாம். பால் என்ன பட்டாளமா, சொன்னதும் நிற்பதற்கு?

காரை ஆறேழு மாதமாகச் சுரண்டினார். மெக்கானிக் அஜ்மீர் வந்து இற்றுப்போன தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வான். அவன் வராத நாளில் இவர் கம்பி பிரஷ்ஷோடு துருவைத் தேய்ப்பார். வீடு முழுக்கச் செந்தூள். துவைத்துக் காயப்போட்ட வேட்டியெல்லாம் காவி வேட்டி ஆனது. அவள் திட்டினாள். திட்டிக்கொண்டே அவருக்குத் தேநீரையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வலப்பக்கத் தகடு முழுக்க மாற்றியாகிவிட்டது. நான்கு சக்கரங்களையும் கழற்றி, வலப்பக்கத்தைக் கட்டைகள்மேல் உயரமாக நிறுத்தியிருந்தார்கள். இடப்பக்கம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடைக்கலராஜ் பட்டாளத்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அஜ்மீரு நாகூர்ல தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கான். அவன் வரட்டும்."

"அவன் வர்றதுக்குள்ள மழை புடிச்சிக்கும். தூக்கிக் கட்டை வச்சிட்டா போதும், மத்தத அவன் வந்து பாத்துக்குவான்."

"யாரு தூக்குறது?"

"நானேதான். ஜாக்கிய அடிச்சிட்டு, உள்ள போய்க் கட்டைய வைக்கிறது, வெளிய வந்து திரும்ப அடிக்கிறது."

அதாவது தனியாகச் செத்துப்போகத் திட்டம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜாக்கியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் அடிக்கிறேன். ஆனா சொல்லிட்டேன், ஒங்க பிரெஞ்சு கிரெஞ்செல்லாம் எனக்கு வேணாம். தமிழ்ல மூணே வார்த்த. ஏத்துன்னா ஏத்துவேன். எறக்குன்னா எறக்குவேன். நிறுத்தணும்னா போதும்னு சொல்லணும். வேற எதுவும் என் காதுல விழாது."

"உய், மொன் கப்பித்தேன்," என்று பட்டாளத்துக் கேப்டனுக்குச் சொல்வதுபோல் சொல்லி, சல்யூட் அடித்துவிட்டு அவர் உள்ளே நகர்ந்தார். தலை வலப்பக்கம், கால் இடப்பக்கம். அவள் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்த பூட்ஸ் இரண்டும்தான்.

தரையில் ஒரு பலகை, பலகைமேல் ஜாக்கி, ஜாக்கியின் தலைமேல் இன்னும் மாற்றாத பழைய தகடு. அவளுக்கு அந்தத் தகட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பார்க்காமல் கைப்பிடியை மட்டும் பார்த்தாள்.

"ஏத்து," என்றது உள்ளிருந்து குரல். அடித்தாள். கார் முனகிக்கொண்டே எழுந்தது.

"ஏத்து." அடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து." அவர் ஒரு கட்டையை நகர்த்தி உள்ளே தள்ளும் சத்தம் கேட்டது. இன்னொரு கட்டை. எதிர்வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அவளுக்குக் கை வியர்த்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏத்து."

அடித்தாள். எங்கோ நறநறவென்று ஒரு சத்தம்.

"…ஏத்! ஏத்!"

அவசரமாகச் சொல்கிறாரே என்று அவளும் அவசரமாக அடித்தாள், ஒன்றுக்கு இரண்டாக. ஜாக்கியின் தலை பழைய தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. கார் இறங்கியது. விழுந்தது என்று சொல்ல முடியாது, அப்படியே உட்கார்ந்தது. அவர் தள்ளி வைத்திருந்த கட்டைகள் பாதியில் தாங்கிக்கொண்டன. பூட்ஸ் இரண்டும் ஒரு தடவை துள்ளி அடங்கின.

"என்னங்க!"

தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம் அவர் மார்பின்மேல் படுத்திருந்தது. அவர் கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது.

"…ரே…த்து."

ஏத்து என்கிறாரா? அவள் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. ஏத்தினால் சட்டம் மேலே போகும், மூச்சு விடுவார். ஆனால் ஜாக்கி சாய்ந்து நின்றது. அதன் தலை கிழிந்த தகட்டுக்குள் சிக்கியிருந்தது. இன்னொரு அடி அடித்தால் மீதித் தகடும் கிழிந்து, கட்டையும் புரண்டு, மொத்தமும் இறங்கிவிடும். மாதாவே, ஏத்தவா வேண்டாமா?

"ஏத்தணும்னா கால ஆட்டுங்க! ஏங்க, கால ஆட்டுங்க!"

இரண்டு காலும் உதறின. ஆட்டுகிறாரா, துடிக்கிறாரா? அதை யார் சொல்வது?

முதல் தடவை அவர் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆனது. இந்தத் தடவை கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். கைப்பிடியை விட்டாள். காரைத் தூக்க முடியாது. ஆளை இறக்கலாம்.

அந்த மனை முழுக்க மணல். பள்ளத்தைத் தூர்க்க லாரி லாரியாகக் கொட்டியது. கக்கூஸ் தொட்டி தோண்டியபோது வெட்ட வெட்டச் சரிந்து கொத்தனாரை அழவைத்த மணல். ஒரு செடி உருப்படியாக வளரவிடாத அந்த மணலை அவள் இத்தனை வருஷமாகச் சபித்திருக்கிறாள். காரைச் சுற்றி ஓடி உயரமான வலப்பக்கம் குப்புறப் படுத்தாள். வெட்டிப் போட்டிருந்த துருத்தகடு ஒன்று கையில் கிடைத்தது. அதை அவர் தோளுக்கடியில் செருகி மணலை வாரினாள். கட்டை நிற்கும் பக்கம் போகக்கூடாது. முதுகுக்கு நேர் கீழே மட்டும். வாரினாள், இழுத்தாள், வாரினாள். தகட்டின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"பஞ்சநாதன்! பஞ்சநாதன்! ஓடியாங்க!"

எதிர்வீட்டு மோட்டார் நின்றது. பஞ்சநாதன் நெடுங்காட்டில் வயல் வைத்திருப்பவர், கூப்பிட்ட குரலுக்கு வருகிற மனிதர். கேட் திறந்தது. காருக்கடியில் பார்த்தால் அந்தப் பக்கம் அவர் பாதம் தெரிந்தது. நேராக ஜாக்கியிடம் வந்தது.

"முருகா, என்னம்மா இது!" கைப்பிடியை அவர் பிடிக்கும் சத்தம்.

எழுந்து சுற்றி ஓட நேரமில்லை. அவளும் வீட்டில் தினமும் காதில் விழுந்த வார்த்தையைத்தான் கத்தினாள்.

"அரேத்! அரேத்!"

"ஏத்துறேம்மா! இதோ ஏத்துறேன்!"

கைப்பிடி ஒரு தடவை கீழே போனது. தகடு நறநறத்தது. துரு பொலபொலவென்று அடைக்கலராஜின் முகத்தில் கொட்டியது.

அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது. அவர் ஏத்து என்று சொல்லவே இல்லை. நிறுத்தச் சொன்னார். இவள்தான் ஏத்தினாள். அதற்கு அழவும் இப்போது நேரமில்லை.

"ஜாக்கியத் தொடாதீங்க! கைய எடுங்க! போதும்! போதும்!"

பஞ்சநாதன் சுட்டதுபோல் கையை எடுத்தார்.

"இந்தப் பக்கம் வாங்க. மண்ண வாருங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

அவர் வந்து மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரினார். மணல் இறங்கியது. அடைக்கலராஜின் முதுகு மணலோடு ஒரு விரல் இறங்கியது. பிறகு இன்னொரு விரல். அவர் தொண்டையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, இருமலோடு. அதைக் கேட்டு அவள் அழுதாள், அழுதுகொண்டே வாரினாள். பஞ்சநாதன் அவர் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார். சட்டை கிழிந்தது. மார்பு வந்தது, இடுப்பு வந்தது, கடைசியில் அந்த பூட்ஸும் வந்தது.

அவர் வெளியே வந்துவிட்டது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. தோள்வரை காருக்கடியில் விட்டு அது இன்னும் வாரிக்கொண்டே இருந்தது. மணல் இப்போது கட்டைப் பக்கமிருந்தும் சரிந்து வந்தது. பஞ்சநாதன் தண்ணீருக்கு ஓடியிருந்தார். வாரினாள், இழுத்தாள், வாரினாள்.

அடைக்கலராஜ் பக்கவாட்டில் புரண்டு அவள் முழங்கையைத் தொட்டார். அவர் வாய் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது.

"போதும்."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சொன்ன வார்த்தைக்கு உடனே கட்டுப்படுவது என்பது அவர்களுக்குள் காலையில் செய்துகொண்ட ஏற்பாடு.

கட்டை புரண்டது. கான்டெசா மொத்தமாக இறங்கி, அவள் தோண்டிய குழியின்மேல் படுத்துக்கொண்டது. மணல் புழுதி எழுந்து இருவர் முகத்திலும் படிந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரத்தமும் துருவும் ஒரே நிறமாக இருந்தன.

"போதும், அற்புதம்," என்றார் அவர் மறுபடி. "போதும்."

அவள் அந்தக் கையாலேயே அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இத அப்பவே சொல்லித் தொலச்சிருந்தா என்னங்க!"

அடித்த கையை எடுக்காமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி அழுதாள்.