பொய்க்குரல்

விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரைக்கு ஞாயிறு காலையென்றால் பூங்காதான். பறவை பார்க்கும் ஆசையுள்ள ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் போவார்கள். பங்குனி மாதம். குளிருக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். வேப்பமரங்களுக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஓர் ஆறுமணிக்குருவி இன்னும் தங்கியிருந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, விடியும்போது ஒரு கூவல்.

போன வாரம் அழகுமீனா என்ற நர்ஸ், அதைப் படமெடுக்க ஆசைப்பட்டுச் செல்போனில் அதன் கூவலைப் போட்டாள். வெள்ளைத்துரை எல்லார் முன்னாலும் அவளை ஏசிவிட்டார்.

"நெடுந்தூரம் பறக்கப்போற உசுரும்மா அது. பொய்க்குரல் குடுத்து அலைக்கழிக்கிறியே, படிச்ச பிள்ளைதானா நீ?"

அவள் முகம் சுண்டிப்போனது.

இந்த வாரம் சிவகாசியிலிருந்து சம்பந்தி கோட்டைச்சாமி வந்திருந்தார். பட்டாசுக் கம்பெனிக்காரர். "காட்டுறேன் காட்டுறேன்னீக, எங்கன இருக்கு உங்க குருவி?" என்று நச்சரித்துக்கொண்டே வந்தார். குருவியோ சத்தங்காட்டவில்லை. வெள்ளைத்துரைக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. செடிமறைவுக்குப் போய், செல்போனில் கூவலை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குருவி வந்தது. புதரை விட்டுத் தாவித் தாவி நடைபாதைக்கே வந்து, தன் இடத்தில் கூவுவது யாரென்று கழுத்தை நீட்டித் தேடியது. "ஆத்தாடி, என்னா நெறம்!" என்றார் கோட்டைச்சாமி. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த பூனை ஒரே பாய்ச்சலில் குருவியைக் கவ்விக்கொண்டு சுவரேறிப் போய்விட்டது.

எல்லாரும் சுவர்ப்பக்கம் பார்த்தார்கள். அப்போது மறுபடியும் அந்தக் கூவல் கேட்டது. வெள்ளைத்துரையின் சட்டைப்பையிலிருந்து.

அவசரத்தில் அவருக்குச் செல்போனை நிறுத்தத் தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை கூவித்தான் ஓய்ந்தது. அழகுமீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவிதான சம்பந்தி, விடுங்க. வாங்க, டிபன் சாப்பிடுவோம்" என்று கோட்டைச்சாமி தோளில் தட்டினார். ஓட்டலில் அவர் இதையே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தபோது வெள்ளைத்துரையும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அழகுமீனா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உன்னைய அம்புட்டுப் பேர் முன்னால ஏசுனேன் தாயி. அதே தப்பை நானே..."

"ஏசுனது எல்லார் முன்னாலயும். மன்னிப்பு மட்டும் தனியாவா அண்ணாச்சி?" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு அவர் எல்லாரிடமும் சொன்னார். ஒளிந்து செய்ததையும், ஓட்டலில் சிரித்ததையும்கூட. சொல்லும்போது காது மடல் எரிந்தது. ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. "நீ முன்னால போம்மா" என்று அழகுமீனாவிடம் சொல்லிவிட்டு எல்லாருக்கும் பின்னால் நடந்தார்.

புளியமரத்தில் மாங்குயில் ஒன்று இருப்பதாக அவள் கைகாட்டினாள். எல்லாரும் தொலைநோக்கியைத் தூக்கினார்கள். வெள்ளைத்துரைக்குத் தூக்க மனம் வரவில்லை.