மதிலோரத்து மூலை

...பாசிக்குக்கூட மதிப்பாம், சொறி பிடித்த மாதிரி கல்லறைக் கற்களில் அப்பிக் கிடக்கிற பாசியைச் சுரண்டக் கூடாதாம், அதுதான் கல்லின் வயதுக்குச் சாட்சியாம், பழமையை மதிப்பிட வந்த அதிகாரியம்மா சொன்னதும் அவளுக்கு அசடு வழிந்தது, நேற்றெல்லாம் முட்டி தேய உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தவள் அவள்தானே, பாசிக்கு வந்த வாழ்வைப் பாரேன், மனுஷிக்கு வயதானால் எந்தப் புண்ணியவான் தொட்டுப் பார்த்து மதிப்புப் போடுகிறான்... அதிகாரியம்மா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படம் பிடித்து நகர்கிறாள், பங்குக் குழுத் தலைவர் பின்னாலேயே ஓடுகிறார், டமாரம் என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும், "இந்தம்மா கப்பல்ல வந்தவங்க மேடம், கரை இறங்கினதும் காய்ச்சல்ல போயிட்டாங்க பாவம்", செத்தவளுக்குக் கூடப் பிறந்த தம்பி மாதிரி உருகுகிறார், உருகட்டும், உருகினால்தான் காரியம் ஆகும், சாலையை அகலப்படுத்துகிறவர்கள் கோயில் மதிலுக்கு உள்ளேயே கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டு என்று அதிகாரியம்மா எழுதிக் கொடுத்தால் கோடு விலகும், இல்லையென்றால் புல்டோசர்தான், கப்பலில் வந்தவளும் போவாள், மூக்கு உடைந்த தேவதைச் சிலையும் போகும், போனால் போகட்டுமே, அவளுக்கு அதுவா கவலை? அவள் கவலையெல்லாம் மதிலோரத்து மூலை ஒன்றுதான்.

அங்கே கல் கிடையாது, சிலுவை கிடையாது, புல் மட்டும்தான், ஆனால் அவள் பிள்ளை இருக்கிறான், அழாமலே பிறந்தவன், ஒரே ஒரு தடவை வீல் என்று கத்தியிருந்தால் தண்ணீர் தெளித்து ஒரு பெயராவது வைத்திருப்பார்கள், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று அப்போதிருந்த பாதிரியார் கையை விரித்துவிட்டார், அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, புருஷன்தான் துணியில் சுற்றி எடுத்துப்போய் யாருக்கும் தெரியாமல் அங்கே வைத்தார், பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிவந்து காட்டினார், "இங்கதான்", அவ்வளவுதான், அதற்குமேல் அந்த மனிதர் வாயைத் திறந்ததில்லை, அவள் பேச்செடுத்தால் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார், சரி, ஆம்பிளை, உள்ளுக்குள் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொள்ளாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது... ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் அங்கே வந்து நிற்பாள், பள்ளிக்கூட வயதில் பாடம் படித்தாயா என்று கேட்டாள், மீசை முளைக்கிற வயதில் திட்டக்கூடத் திட்டினாள், துரைக்கு எழுந்திருக்கிற உத்தேசம் உண்டா இல்லையா என்று... பைத்தியக்காரி, யாராவது கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், பெற்றவளுக்குப் பேச ஓர் இடம் வேண்டாமா?

"இங்க யாராவது இருக்காங்களா?" ஐயோ, மூலைக்கே வந்துவிட்டாள் அதிகாரியம்மா, டமாரம் சுற்றுமுற்றும் பார்க்கிறார், "மேஸ்திரி, இந்த மதிலையே கட்டினவர் நீங்க, உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க" என்று அவள் புருஷனைக் கூப்பிடுகிறார், அதிகாரியம்மாவும் நல்லவள்தான், "கல்லு இல்லாட்டியும் பரவாயில்ல, அடக்கம் பண்ணின இடம்னு ஒருத்தர் சொன்னாப் போதும், இதையும் சேர்த்து எழுதிடுவேன்" என்கிறாள், சொல்லுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க, என் பிள்ளை இருக்கான்னு...

"ஒண்ணும் இல்லம்மா, வெறும் மண்ணுதான்."

குரல் தடுமாறவில்லை, கண் கலங்கவில்லை, செங்கல் வந்து இறங்கவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அதிகாரியம்மா அவளைப் பார்க்கிறாள், "உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?" தெரியுமா, எனக்கு என்ன தெரியும், அவர் சொன்னதுதானே தெரியும், நான் எதைப் பார்த்தேன்... தலை தானாக இல்லை என்று ஆடிவிட்டது, பாவி, ஆட்டிவிட்டாயே, "அப்ப இந்த மூலைய மட்டும் ரோட்டுக்கு விட்டுடலாம், மத்த எல்லாத்தையும் காப்பாத்திடலாம்", டமாரத்துக்குத் தலைகால் புரியவில்லை, எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்குகிறார், அவள் கையையும். "ஏங்க..." என்கிறாள் அவள், "வெயில் ஏறுது, வா" என்று புருஷன் முன்னால் நடக்கிறார், திருட்டுத்தனமாகப் புதைத்ததற்குக் கேஸ் வரும் என்று பயந்து இப்போது பொய் சொன்னாரா, அல்லது பொய் அன்றைக்கா, ஆஸ்பத்திரிக்காரர்களிடமே விட்டுவிட்டு வந்தாரா, அன்றைக்கு இந்தப் புல்லில் நின்றுகொண்டு அங்கும் இங்கும் பார்த்துவிட்டுத்தானே கை காட்டினார், துக்கத்தில் தடுமாறுகிறார் என்றல்லவா அவள் நினைத்தாள், இத்தனை ஞாயிறும் யாரோடு பேசினாள் அவள்? அவள் கண் விழித்தபோது கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாரே, அப்போது அவர் கையில் மண் ஒட்டியிருந்ததா, நகக்கண்ணில் மண் இருந்ததா, நினைவைக் கசக்கிப் பிழிகிறாள்... இருந்தது, இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் மேஸ்திரி கையில் எந்த நாள்தான் மண் இல்லாமல் இருந்தது?