தீப்பெட்டிக்குள் ராணி

கோகிலவாணியின் தேன்பெட்டியிலிருந்த ஈ மொத்தமும் காலையில் கிளம்பிப் போய், வரப்புக்கு அந்தப் பக்கம் ராஜாங்கத்தின் முருங்கை மரத்தில் குந்திக்கொண்டது. சுற்றிலும் எவ்வளவோ மரம். புளி இருக்கிறது, வேம்பு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு முருங்கைக் காயைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காத ஆளின் மரத்தைத் தேடிப் போயிருக்கிறது.

"பெட்டிக் காலுக்குக் கீழ கிண்ணத்துல தண்ணி ஊத்துன்னு சொன்னேனா இல்லியா?" என்று புருஷனைப் பிடித்தாள்.

"ஊத்தலாம்னுதான் இருந்தேன்" என்றான் தீனதயாளன்.

"நீ இருந்த. எறும்பு இருக்கல. ஏறி உள்ள பூந்துடுச்சி."

பந்தல் முழுக்கப் பாகல் பூத்து நிற்கிற நேரம். ஈ வருவதற்கு முந்தின போகத்தில் பூவெல்லாம் பூவாகவே கொட்டியது. கோகிலா பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து, ஆண் பூவைப் பிய்த்துப் பெண் பூவில் தடவி இடுப்பு போனதுதான் மிச்சம். அப்புறம்தான் வெள்ளிமலை போகிற ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தின் பொந்தில் கையை விட்டு இந்தக் கூட்டத்தைப் பிடித்து வந்தாள். கை வீங்கி ரொட்டி மாதிரி ஆனது. ஆனால் அந்தப் போகம் காய் பந்தலையே கீழே இழுத்தது. இப்போது கூட்டம் போனால் காயும் போச்சு.

கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டினாள். ராஜாங்கம் ஏற்கெனவே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தீனதயாளனுக்குப் பங்காளி, மூத்தவர். பலாக்காய் அளவுக்குக் கொத்தாகத் தொங்குகிற ஈயை, தன் மரமே காய்த்த மாதிரி பார்த்தார்.

"இன்னா கோகிலா, கூடையும் கையுமா?"

"என் ஈ மாமா. பெட்டியவுட்டு வந்து உங்க மரத்துல குந்திக்கிச்சி. எடுத்துக்கினு போயிடறேன்."

"உன் ஈயா? பேரு கீது எழுதி வெச்சிருக்கியா அதும்மேல?"

"பாலத்துக்கடியில கைய வுட்டுப் புடிச்சது மாமா. ஊருக்கே தெரியும்."

"பாலத்துல இருந்தவரைக்கும் பாலத்துது. உன் பெட்டியில இருந்தவரைக்கும் உன்னுது. இப்ப எங்க இருக்குது? யாரு எடத்துல குந்துதோ அவங்களுது. அவ்ளோதான் நாயம்."

காய் எடுக்க வண்டியில் வந்திருந்த ஜான் பாஷாவுக்குச் சங்கராபுரத்தில் காய்கறிக் கடை. பந்தலோரம் சாக்கை விரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "அண்ணே, போன மாசம் உங்க தென்ன மரத்துக் காய் இவங்க நெலத்துல வுழுந்துச்சே, அத நீங்கதானே வந்து பொறுக்கினீங்க?"

"அது என் மரத்துக் காய் பாய்."

"இவங்க கோழி உங்க வைக்கப்போர்ல முட்ட வெச்சிதே, அதையும் நீங்கதானே அவிச்சித் தின்னீங்க?"

"அது என் வைக்கப்போரு. நீங்க போய்ப் பாவக்காய எட போடுங்க பாய்."

தேங்காய்க்கு ஒரு சட்டம், முட்டைக்கு ஒரு சட்டம். எந்தச் சட்டம் வந்தாலும் தின்பது ராஜாங்கம்.

பின்னாலேயே வந்து சண்டைக்கு வாயைத் திறந்த தீனதயாளனைக் கோகிலா கையைப் பிடித்து அடக்கினாள்.

"சரி மாமா. நீங்களே வெச்சிக்கிங்க. ஆனா நீங்க எறக்கினா கொட்டிட்டுத்தான் வுடும். நானே எறக்கித் தர்றேன். போயி ஒரு பெட்டி எடுத்தாங்க."

ராஜாங்கத்துக்கு முகமெல்லாம் பல். அந்தக் காலத்தில் அவர் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து என்று ஊரைக் கதற வைத்த மரப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. ஒலிபெருக்கிக் குழாய் வைக்கிற ஓட்டை ஈக்கு வாசலாச்சு என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

"பைத்தியமாடி உனுக்கு?" என்றான் தீனதயாளன்.

"கம்முனு இரு. தீப்பெட்டி வெச்சிருக்கியா?"

"இருக்குது."

"குச்சியக் கொட்டிட்டுக் குடு."

முருங்கைக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டிக் கட்டைமேல் ஏறி நின்று, வெறுங்கையைக் கொத்துக்குள் மெதுவாக விட்டாள். வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பின ஈ சோற்றுக்கு அப்புறம் குந்தின மனுஷன் மாதிரி, எளிதில் கொட்டாது. இப்படியும் அப்படியும் விலக்கிப் பார்த்தாள். மற்றதைவிட நீளமாக, கறுத்து, குட்டை இறக்கையோடு ஒன்று நழுவியது. ராணி. தீப்பெட்டிக்குள் தள்ளி, காற்றுக்கு மயிரிழை இடம் விட்டு மூடினாள்.

"ராணி எங்கியோ கூட்டமும் அங்கதான்" என்று குனிந்து புருஷன் காதில் சொல்லி, அதை அவன் கையில் கொடுத்தாள். "அந்தாளு பெட்டியில ராணி இல்லாத எத்தினி நேரம் இருக்கும்? தேடிக்கினு நம்ப வூட்டுக்குத்தான் வரணும். நசுக்காத, தொறக்காத, கீழ வெக்காத."

அவன் நசுக்கவில்லை, திறக்கவும் இல்லை. "கூடையப் புடி, ரெண்டு கையாலயும் புடி" என்று அவள் மேலிருந்து கத்தியதும் தீப்பெட்டியைத் தொட்டிக் கட்டைமேல் வைத்துவிட்டான்.

ராஜாங்கம் பெட்டியோடு திரும்பினார். வாயில் பீடி. கட்டைமேல் தீப்பெட்டி. பீடி பிடிக்கிறவர்களுக்கு உலகத்தில் இருக்கிற தீப்பெட்டியெல்லாம் பொதுச்சொத்து. வாய் "ஜாக்கிரதைம்மா, ஒண்ணு கூட கம்மி ஆவக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை அதை எடுத்துவிட்டது.

"மாமா! பீடியப் பத்த வெச்சீங்க, பொக வந்தா மொத்தமும் பறந்துடும்!" கிளையிலிருந்து கண்ணை எடுக்காமல் கோகிலா சத்தம் போட்டாள்.

அவர் பீடியைக் காதில் சொருகினார். தீப்பெட்டி சட்டைப்பைக்குப் போனது. அதை யாரும் பார்க்கவில்லை. அவரே பார்க்கவில்லை.

கிளையை ஒரு உலுக்கு உலுக்கினாள். கொத்து கூடையில் பொத்தென்று விழுந்தது. ரேடியோ செட் பெட்டியில் கவிழ்த்து, சாக்கால் மூடிக் கொடுத்தாள். ராஜாங்கம் சாமி சிலையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப்போய் வாசலில் வைத்து, சாக்கை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா கையை நீட்டினாள். "குடு."

தீனதயாளன் மடியைத் தடவினான். பிறகு தொட்டிப் பக்கம் ஓடினான். கட்டைமேல் கொட்டின குச்சிகள் மட்டும் கிடந்தன.

"கீழ வெக்காதன்னு சொன்னேனா?"

"மேலதான் வெச்சேன். கட்ட மேல."

அவனை அடிக்க விளக்குமாறு தேடின கண், வரப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. ராஜாங்கத்தின் வெள்ளைச் சட்டையில், இடது பையில், சின்னச் செங்கல் மாதிரி ஒரு புடைப்பு.

"ஐயோ" என்றாள். "பீடி பத்த வெக்கத் தொறப்பாரு. பறந்துச்சின்னா எந்த மலையில போய்த் தேடறது? கீழ வுழுந்தா செருப்புல மிதிச்சிடுவாரு."

"போய்க் கேட்டுடலாமா?"

"இன்னான்னு? மாமா, உங்க பாக்கெட்டுல எங்க ராணி இருக்குது, குடுத்துடுங்கன்னா?"

கேட்டுக்கொண்டே நடந்தாள். அங்கே ஜான் பாஷாவுக்கு உபதேசம் நடந்துகொண்டிருந்தது. வண்டியில் மூட்டையைக் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவரை ராஜாங்கம் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"தேன் வேணும்னா இப்பவே சொல்லிவெச்சிடுங்க பாய். அப்பால கெடைக்காது. கோகிலா, உனுக்கும் ஒரு கரண்டி தர்றேன். இத்தினி நாளு வெச்சிருந்தவளாச்சே."

"சரிங்க மாமா. பீடி மட்டும் இப்ப வேணாம்."

"என் வாசல், என் தேனு, என் பீடி. உனுக்கு இன்னா?" காதிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். கை சட்டைப்பைக்குப் போனது.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் மோட்டார் இரைகிற மாதிரி. பிறகு மாவு மில் மாதிரி. குழாய் வைக்கிற ஓட்டை வழியாக ஈ குபுகுபுவென்று கொட்டி, வானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒன்று ராஜாங்கத்தின் சட்டைப்பையில் இறங்கியது. அப்புறம் பத்து. அப்புறம் கணக்கில்லை. நெஞ்சு மறைந்தது, கழுத்து மறைந்தது, தாடைக்குக் கீழே தாடி மாதிரி தொங்கியது. பீடி விழுந்தது.

"யெம்மா விஜயா!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார், உதட்டை அசைக்காமல்.

விஜயலட்சுமி எட்டிப் பார்த்தாள். "வூட்டுக்குள்ள மட்டும் வந்துடாத!" கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

"அசையாதீங்க மாமா. அசைஞ்சாதான் கொட்டும்."

"எடும்மா கோகிலா. எடுத்துடும்மா."

"நான் எப்பிடி மாமா எடுக்கறது? உங்களுதாச்சே."

"உன்னுதும்மா."

"யாரு எடத்துல குந்துதோ அவங்களுதுன்னு நாயம் சொன்னீங்களே. இப்ப உங்க மேலயே குந்தியிருக்குது."

"நாயம்தானே" என்றார் ஜான் பாஷா, வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பத்திரமாக நின்றுகொண்டு.

"எங்க குந்துனாலும் உன்னுதும்மா! எந்த மரத்துல குந்துனாலும்!"

"கோழி?"

"கோழியும்!"

"பாய், கேட்டுக்கிங்க."

"எனக்கு நல்லா கேட்டுச்சிம்மா. அண்ணே, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

ராஜாங்கம் இன்னொரு வாட்டி சொன்னார். சொல்லும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியம்மனையும் கூப்பிட்டுக்கொண்டார். தீனதயாளன் அதற்குள் தங்கள் தேன்பெட்டியை எறும்பு தட்டிக் கழுவித் தூக்கி வந்திருந்தான். கோகிலா ஈக்கு நடுவே இரண்டு விரலை விட்டு, பையிலிருந்து தீப்பெட்டியை உருவினாள். அரை அங்குலம் திறந்து பார்த்தாள். ராணி உயிரோடு நகர்ந்தது. அதை அப்படியே பெட்டிக்குள் வைத்து, ராஜாங்கத்தின் நெஞ்சோடு பெட்டியைச் சேர்த்துப் பிடித்தாள். கூட்டம் சாரை சாரையாக, கடைசி பஸ்ஸில் ஏறுகிற ஜனம் மாதிரி உள்ளே போனது.

போகும்போது ஒன்றே ஒன்று, காது மடலில் கொட்டிவிட்டுப் போனது. அதுவும் பீடி சொருகின காதில்.

பெட்டி வரப்பு தாண்டிப் போய், தண்ணீர் ஊற்றின கிண்ணங்களில் காலூன்றி நின்றது. தீனதயாளனே ஊற்றினான், வழிய வழிய.

ராஜாங்கம் மெல்லக் கண்ணைத் திறந்தார். கீழே கிடந்த பீடியைத் துடைத்து வாயில் வைத்தார். சட்டைப்பையைத் தடவினார். வலது பக்கமும் தடவினார். பிறகு வரப்புவரை வந்து கத்தினார்.

"கோகிலா! என் பாக்கெட்டுல ஒரு தீப்பெட்டி இருந்துச்சே, பாத்தியா?"

"உங்களுதா மாமா?"

"என் பாக்கெட்டுல இருந்தா என்னுதுதானே?"

கோகிலா தேன்பெட்டியைக் காட்டினாள். "அதுக்குள்ளதான் இருக்குது. கைய வுட்டு எடுத்துக்கிங்க."